கவிழ்த்து வைத்த ரொட்டி

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கத் தோன்றுகிறவர்கள் ஒருமுறை என் வீட்டுக்கு வாருங்கள். அலமாரியில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. அதற்குக் காலர் கிடையாது. கிழிந்து போகவில்லை, ஒரே வெட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் பெயர் அர்மெல். பயந்தாங்கொள்ளி இல்லை. பதினெட்டு வயதிலிருந்து மண்ணைக் கொத்திப் பிழைக்கிறவள். இருட்டிலும் மழையிலும் தனியாக வேலை பார்த்தவள். இது நடந்தது 2010 நவம்பர் 11, மாலை 4:10க்கும் 5:04க்கும் நடுவில். நடுராத்திரி கூட இல்லை.

லுவார் ஆற்றுப் பக்கம் வோமார்சே என்று ஒரு கோட்டை மாளிகை. அதன் தோட்டத்தில் இரண்டு மாதத் தகுதிகாண் காலத்துக்குச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமையோடு அது முடிகிறது. தலைமைத் தோட்டக்காரர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். வாசல் கேட் பக்கத்தில் இருக்கிற இரண்டு அறை வீடும் எனக்கு. அந்த வீடு எனக்கு உயிர் மாதிரி. ஏனென்றால் என் மகள் லிசோன், ஏழு வயது, அப்போது லீல் நகரத்தில் அவள் அப்பாவிடம் இருந்தாள். வேலையும் வீடும் காட்டுங்கள், பிள்ளையைத் தருகிறேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். அவள் கட்டிலை எந்த மூலையில் போடலாம் என்று யோசிப்பேன்.

அங்கே என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. மறைத்துப் பேச ஒன்றுமில்லை, பிடிக்கவில்லை. தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்னான், முப்பது வருஷமாக அங்கே இருக்கிறவர். காய்கறிப் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் இவெத், ஐம்பது வயதுக்காரி. இன்னும் இரண்டு ஆண்கள். தங்களுக்குள் வா, போ, நீ என்று கொஞ்சிக் குலாவுவார்கள். என்னிடம் மட்டும் நீங்கள்தான். இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட நீ வரவில்லை. அந்த மரியாதை, முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. எனக்கு முன்னால் கொரின் என்று ஒருத்தி என் வேலையில் இருந்தாளாம். அவளைப் பற்றிக் கேட்டால் இவெத் தக்காளிக் கம்பைப் பிடுங்கப் போய்விடுவாள்.

தினமும் நாலு மணிக்குத் தோட்டக் கொட்டகையில் ரொட்டி, சீஸ், காப்பி. நீள மேசை. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கு எதிரே மேசை மேல் ஒரு முழு ரொட்டி, உருண்டை நாட்டு ரொட்டி. தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கும். தட்டையான அடிப்பாகம் மேலே.

எங்கள் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது. சின்ன வயதில் அதற்காகவே அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். காரணம் கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் கவிழ்ந்த ரொட்டியைக் கண்டால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மறு வேலை. முதல் நாளே என் கை நீண்டது. இவெத் என் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாள்.

"அது உங்களுக்கில்ல."

பின்னே யாருக்கு என்று கேட்டேன். நாலு பேரும் காப்பியைக் குடித்தார்கள். ஃபெர்னானின் நாய்க்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாய்க்கு என்னைவிட மதிப்பு என்று மனசுக்குள் ஒரு கசப்பு. அப்புறம்தான் தெரிந்தது, ஃபெர்னானுக்கு நாயே கிடையாது.

நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்த நாள். ஊர் நினைவுத் தூண் முன்னால் கொடியேற்றம், அதன் பிறகு நீண்ட விருந்து. ஃபெர்னான்தான் அங்கே ஊதுகொம்பு வாசிப்பவர். நாலு பேரும் காலை பத்து மணிக்கே வேனில் போய்விட்டார்கள். புதிதாக வந்தவள் நான், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுவிட்டார்கள். போகும்போது ஃபெர்னான் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். "ரொட்டி வச்சாச்சு. நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க."

பகல் முழுக்கப் பனிமூட்டம். பார்வையாளர்கள் பதினாலு பேர்தான் வந்தார்கள். நான் மேல்தளத்துத் தோட்டத்தில் இலை பொறுக்கினேன். முழங்கால் உயரக் குறுஞ்செடிகளைச் சித்திரத் தையல் மாதிரி வளைத்து வளைத்து நட்டிருக்கும் இடம் அது. அந்தச் சந்துகளுக்குள் பல் வைத்த வாரி நுழையாது, கையால்தான் எடுக்க வேண்டும். அதன் இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு யூ மரங்கள், ஊசி இலை மரம். கத்தரித்துக் கத்தரித்து ஆள் உருவத்தில் வளர்த்தவை. அகன்ற தோள், ஒல்லிக் கழுத்து, உருண்டைத் தலை. வருகிறவர்கள் எல்லோரும் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அவற்றைப் பிடிக்காது. முதுகு காட்டிக்கொண்டு வேலை செய்தால் பிடரி கூசும்.

மூன்றரை மணிக்குச் சரளைப் பாதை முழுவதையும் வாரியால் கோடு கோடாகச் சீவி முடித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் தடம் இல்லை.

4:10க்குக் கொட்டகைக்குப் போனேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. விடுமுறை என்பதால் ஊரில் ரொட்டிக் கடை சாத்தியிருந்தது. காதடைக்கிற பசி. காப்பியைச் சூடு பண்ணினேன். லிசோனுக்குச் சிவப்புத் திரை பிடிக்குமா, நீலம் பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டே மேசைக்கு வந்தேன்...

வாயில் ரொட்டி இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை என்னைக் கேட்கவே இல்லை. ரொட்டியை நிமிர்த்தியிருக்கிறேன். கத்தி முனையால் அதன் மேல் சிலுவை கீறியிருக்கிறேன், அம்மா செய்கிற மாதிரியே. நுனியை அறுத்து, வெண்ணெய் தடவி, பாதியைத் தின்றும் விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். நான் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் இல்லை, வெட்கம்தான். இன்னும் இரண்டு நாளில் கையெழுத்து, இந்த நேரத்திலா இப்படி ஒரு புத்தி? ரொட்டியை மறுபடி கவிழ்த்து, வெட்டின பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு துண்டுதானே, யாருக்குத் தெரியப் போகிறது.

4:35க்கு டிக்கெட் கொடுக்கிற பெண் போன் செய்தாள். கடைசி ஆளும் வெளியே வந்தாயிற்று, தானும் கிளம்புவதாகச் சொன்னாள். நான் கைமணியை எடுத்துக்கொண்டு கடைசிச் சுற்றுக்குப் போனேன். மூடுகிற நேரத்தில் மணி அடித்துக்கொண்டே தோட்டம் முழுக்க ஒரு நடை நடக்க வேண்டும், அது அங்கே வழக்கம்.

4:42. மேல்தளத்துப் படியில் கால் வைத்தேன்.

கிரிச்... கிரிச்...

தோட்டக் கத்தரி. அந்தச் சத்தம் எனக்கு என் மூச்சு மாதிரி பழக்கம். ஆனால் நவம்பரில் யூ மரத்தில் யாரும் கத்தரி வைப்பதில்லை. கோடை முடிவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும்.

"முசியே ஃபெர்னான்?"

நின்றது.

பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பச்சை வாசனை வந்தது. புதிதாக வெட்டின மரத்தின் பிசின் வாசனை. ஈரக் காற்றில் அது தொண்டை வரை இறங்கியது. முதல் யூ மரத்துக்கு நேராகச் சரளையில் உருண்டையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன்.

மரத்தின் தலை.

கழுத்தோடு ஒரே வெட்டு. பிசிறு இல்லை. அந்தக் கழுத்து என் தொடை கனம் இருக்கும். கத்தரியால் அதை வெட்டவே முடியாது, ரம்பம் வேண்டும்.

என் மனசில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பேய் இல்லை. போச்சு, வேலை போச்சு. இருநூறு வருஷத்து மரம், நான் ஒருத்திதான் உள்ளே இருக்கிறேன், யார் நம்புவார்கள்? லிசோனின் கட்டில் கண் முன்னால் வந்து போனது. எவனோ வீணாய்ப் போனவன் மதிலேறிக் குதித்து இந்த வேலை செய்கிறான் என்று ஆத்திரம் பொங்கியது. அவனைப் பிடித்தே தீர வேண்டும் என்று உள்ளே நடந்தேன்.

இரண்டாவது மரம். தலை கீழே.

மூன்றாவது. கீழே.

அப்போதுதான் பாதையைக் கவனித்தேன். நான் சீவின கோடுகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் கலையவில்லை. தடம் என்று இருந்தது என்னுடையது மட்டும்தான்.

கிரிச்... கிரிச்...

இப்போது வலது பக்கம். சாவகாசமாக. எனக்கு நேரம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

4:51. மணியை ஓங்கி அடித்தேன். வெளியே ரோட்டில் யாருக்காவது கேட்கட்டும் என்று.

சத்தம் நின்றது.

நான் மணியை நிறுத்தினேன். மறுபடி தொடங்கியது... கிட்டத்தில்.

பொத். ஒரு தலை விழுந்தது. பொத். இன்னொன்று. எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாலு. ஐந்து... எட்டு. ஒன்பது. சத்தம் என் பின்னால் போய், சுற்றிக்கொண்டு, முன்னால் வந்தது. பத்து.

திரும்பி ஓடப் பார்த்தேன். படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பதினொன்று.

என் தோள் எதிலோ இடித்தது. ஊசி இலைகள். பன்னிரண்டாவது மரம். அதற்குத் தலை இருந்தது.

அமைதி.

என் மூச்சு மட்டும்...

அப்புறம், யாரோ என் பின்னலைத் தூக்கினார்கள்.

பிடித்து இழுக்கவில்லை. மெதுவாக. முடி வெட்டுகிறவர் தூக்கிப் பிடிப்பது மாதிரி, பழகின கை.

சட்டைக் காலருக்குள் ஒரு விரல் நுழைந்தது. காலரைச் சதையிலிருந்து விலக்கிப் பிடித்தது.

பிடரியில் இரும்பு. ஜில்லென்று.

கிரிச்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. குறுஞ்செடிகளை மிதித்துக்கொண்டு, சித்திரமாவது மண்ணாவது என்று குறுக்கே ஓடினேன். கேட்டுக்கு வந்தபோது செல்போனில் 5:04. வேன் விளக்கு வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

ஃபெர்னான் இறங்கினார். என்ன பார்த்தேன் என்று கேட்கவில்லை. ஏன் அழுகிறேன் என்றும் கேட்கவில்லை.

"ரொட்டிய நிமித்துனீங்களா?"

தலையாட்டினேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். இவெத் டார்ச் அடித்தாள். என் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். பின்னல் இல்லை. பிடரி வரை மழுங்க வெட்டியிருந்தது. சட்டைக் காலரும் இல்லை. கழுத்து வெறுமையாக இருந்தது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஃபெர்னான் என்னை நீ என்றார்.

"நீ போயிடு. இப்பவே. துணியெல்லாம் நாங்க அனுப்புறோம்."

சனிக்கிழமை, கையெழுத்து, வீடு என்று நான் உளறினேன். அந்த வீட்டில் ஒரு ராத்திரி நீ தங்கினால் உன் பிள்ளைக்கு அம்மா இருக்க மாட்டாள் என்று சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

இவெத் என்னை ரயில் நிலையத்துக்கு வேனில் கொண்டுபோனாள். மேல்தளத்தை ஒட்டி வளைவில் திரும்பும்போது பனி விலகியிருந்தது, விளக்கு வெளிச்சம் தோட்டத்தின் மேல் விழுந்தது. பன்னிரண்டு மரங்கள். பன்னிரண்டு தலைகள். ஒன்றுகூடக் குறையவில்லை. சரளையில் என் காலடி மட்டும் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தது.

வழியில்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்தக் காலத்தில் கோட்டைக்கு என்று சொந்தமாக ஒரு தலைவெட்டி இருந்தானாம். அவன் தொட்ட பண்டத்தை ஊரில் யாரும் தொட மாட்டார்கள். ரொட்டிக் கடைக்காரன் அவன் பங்கை மட்டும் கவிழ்த்து வைப்பான், வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று. வருஷத்துக்கு இரண்டு மூன்று தலைதான் விழும், மீதி நாளெல்லாம் அவனுக்கு வேலை இல்லை. அதனால் கையில் கத்தரியைக் கொடுத்து யூ மரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

"அவன் பங்க வச்சா வாங்கிட்டுப் போயிடுவான். அத நிமித்தி எடுத்துட்டா, எடுத்தவங்கள எடுத்துக்குவான்."

"முடிய எதுக்கு வெட்டணும்?"

இவெத் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

"முடி, காலர்... அதான் மொதல்ல. கத்தி எறங்கறதுக்கு எடம் பண்ணுறது."

தான் சொன்னதைக் கொரின் கேட்கவில்லை என்றாள் இவெத். மூடநம்பிக்கை என்று சிரித்தாளாம். முடி போன மூன்றாவது நாள், பன்னிரண்டாவது மரத்தடியில் கிடந்தாளாம். ஏணியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்களாம். அன்று அவள் ஏணியே எடுக்கவில்லை.

"அதான் உங்க கூட பழகல. பழகினப்புறம் பொதைக்கறது கஷ்டமா இருக்கு." ரயில் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத. அவன் மதில தாண்ட மாட்டான். நீ மட்டும் திரும்பி வராத."

வேலை போனது. வீடு போனது. லிசோன் என் கைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. லீல் நகரத்திலேயே நகராட்சிப் பூங்காவில் வேலை கிடைத்தது. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. அவள் அறைக்கு நீலத் திரை போட்டேன். நடந்ததை அவளிடம் சொல்லவே இல்லை. பிள்ளையை ஏன் பயமுறுத்த வேண்டும்? நல்ல பழக்கங்கள் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். எல்லா அம்மாக்களையும் போல.

2016 ஜூன். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் லுவார் கோட்டைகளுக்கு இரண்டு நாள் சுற்றுலா. பட்டியலை மூன்று தடவை படித்தேன். வோமார்சே அதில் இல்லை. தைரியமாக அனுப்பினேன். அந்த வாரம் ஆற்றில் வெள்ளம். போக இருந்த கோட்டைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். பஸ்ஸை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்த ராத்திரி சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள். மரமெல்லாம் மனுஷன் மாதிரி வெட்டி வச்சிருந்தாங்கம்மா, நல்லா இருந்துச்சு. என் கரண்டி கீழே விழுந்தது.

"அங்க... ஏதாவது சாப்பிட்டியா?"

"கொட்டகைல ஒரு ரொட்டி இருந்துச்சு. கவுந்து கெடந்துச்சும்மா. நீ சொல்லுவியே... நிமித்தி வச்சேன். அங்க நின்ன தோட்டக்காரர் சாப்பிடுன்னு கை காட்டினாரு. நுனி மட்டும் தின்னேன்."

எழுந்து போய் அவள் பின்னால் நின்றேன். நீளமான முடி, விரித்துப் போட்டிருந்தாள். மேல் முடியைத் தூக்கினேன். அடியில், பிடரியில், உள்ளங்கை அகலத்துக்கு மழுங்க வெட்டியிருந்தது. சட்டைக் காலர் பின்பக்கம் இல்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

நான் சொல்லிக் கொடுத்த பழக்கம். நானே சொல்லிக் கொடுத்தது.

10:15க்கு இவெத்துக்குப் போன் செய்தேன். கொட்டகை என்று சொன்னதும் குறுக்கிட்டாள். அந்தக் கொட்டகை எரிந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே வெறும் புல்தான். ஃபெர்னான் செத்ததோடு ரொட்டி வைக்கிறதையும் விட்டுவிட்டார்களாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் எங்கள் சமையலறை ஜன்னல் ஓரம் ஒரு முழு ரொட்டியைக் கவிழ்த்து வைக்கிறேன். எதிரே ஒரு நாற்காலி போட்டு அதில் நானே உட்கார்ந்துகொள்கிறேன். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலரைத் திறந்துவிட்டு. அன்றைக்கு என்னிடம்தானே தொடங்கினாய், என்னிடமே முடித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பத்து ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ரொட்டி வைத்த மாதிரியே கவிழ்ந்து இருக்கும். மதிலைத் தாண்ட மாட்டான் என்று இவெத் சொன்னதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

இன்று பதினோராவது காலை. விடியும்போது என்னையறியாமல் கண் அசந்துவிட்டேன். 6:20க்கு விழித்தேன்.

ரொட்டி நிமிர்ந்திருந்தது.

லிசோன் அறைக்கு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. நீலத் திரை அசையவில்லை, ஜன்னல் உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. முடியை யாரோ ஒதுக்கி முன்பக்கம் போட்டிருந்தார்கள். கழுத்து வெறுமையாக இருந்தது. தலையணை மேல் நாலைந்து பச்சை ஊசி இலைகள். கையில் எடுத்தேன். பிசின் ஒட்டியது, இன்னும் காயவில்லை.

எங்கள் தெருவில் யூ மரம் கிடையாது.